ஒரே எடை, வேறு உடல்: பயிற்சியும் உணவும் உள்ளே செய்யும் வேலை

2004-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இரண்டு டாக்டர்களின் படம் ஒன்று வந்தது. ஒருவர் புனேயில் நீரிழிவு ஆராய்ச்சி செய்யும் சித்தரஞ்சன் யாஜ்னிக். மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். உயரத்துக்கும் எடைக்கும் உள்ள பொருத்தத்தைக் காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் அச்சாக ஒன்றே: 22.3. படத்தில் பார்த்தால் இருவரும் ஒல்லிதான். ஆனால் ஸ்கேனில் அளந்தபோது யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2 சதவீதம். இரண்டு மடங்குக்கும் மேல்!

வெயிங் மெஷின் மொத்தக் கனத்தை மட்டும்தான் சொல்லும். அந்தக் கனத்தில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு, எலும்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. இந்தப் பிரிவினையைத்தான் உடல் சேர்மானம் என்கிறோம். இந்தியர்களுக்கு இது கொஞ்சம் முக்கியமான விஷயம். ஐரோப்பியர்களோடு ஒப்பிட்டால் அதே பி.எம்.ஐ.யில் நமக்குக் கொழுப்பு கூடுதலாகவும் தசை குறைவாகவும் இருக்கும். கொழுப்பும் தோலுக்கடியில் தங்குவதோடு நில்லாமல், வயிற்றுக்குள் கல்லீரலையும் குடலையும் சுற்றிச் சேரும். அதனால்தான் உலக அளவில் பி.எம்.ஐ. 25-இல் தொடங்கும் 'அதிக எடை', இந்திய மருத்துவர்களின் கணக்கில் 23-இலேயே தொடங்கிவிடுகிறது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பதும் இதையொட்டியதே.

என்னைக் கேட்டால், வீட்டில் ஒரே ஒரு கருவிதான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் வெயிங் மெஷினைவிடத் தையல்காரர் டேப் மேல். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். ஜிம்மில் வெறுங்காலோடு ஏறி நிற்கச் சொல்லி 'ஃபேட் பர்சென்டேஜ்' காட்டும் மெஷின் உடலுக்குள் சிறு மின்சாரத்தை அனுப்பித்தான் கணக்குப் போடுகிறது. தண்ணீர் குடித்திருந்தால் ஒரு எண், வியர்த்துப் போயிருந்தால் வேறு எண். அதில் நேற்றைக்கும் இன்றைக்கும் ஒரு சதவீதம் மாறியது என்று சந்தோஷமோ துக்கமோ பட வேண்டியதில்லை.

சாப்பாட்டை மட்டும் குறைத்தால்

டயட் தொடங்கியவர்கள் முதல் வாரத்திலேயே இரண்டு, மூன்று கிலோ குறைந்ததாகச் சொல்வார்கள். பொய் இல்லை. ஆனால் குறைந்ததில் பெரும்பகுதி தண்ணீர். நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பங்கை உடல் கிளைகோஜனாக மாற்றித் தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். சோற்றை நிறுத்தியதும் அந்தச் சேமிப்பு கரைகிறது, கூடவே தண்ணீரும் போகிறது. ஒரு கல்யாண விருந்து சாப்பிட்டால் இரண்டும் திரும்பி வந்துவிடும். கொழுப்பு இவ்வளவு வேகமாகக் கரையாது. உடலில் ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. தினமும் 500 கலோரி குறைத்தாலும் அதைக் கரைக்கப் பதினைந்து நாள் ஆகும்.

வாரங்கள் போகப்போக உண்மையான எடை குறையத் தொடங்கும். இங்கேதான் சிக்கல். பயிற்சி இல்லாமல், புரதமும் கவனிக்காமல் பட்டினி மட்டும் கிடந்தால், குறையும் எடையில் சுமாராகக் கால் பங்கு தசை முதலான கொழுப்பல்லாத பகுதியிலிருந்து போகிறது. உடலின் நோக்கில் தசை செலவு பிடிக்கும் உறுப்பு. சாப்பாடும் குறைந்து, வேலையும் இல்லாதபோது அதை ஏன் கட்டிக்காக்க வேண்டும்? அப்புறம் டயட்டை விட்டதும் எடை திரும்ப ஏறுகிறது, ஆனால் ஏறுவதில் கொழுப்பே அதிகம். 72 கிலோவில் ஆரம்பித்து அதே எடைக்குத் திரும்பி வந்தவர், சேர்மானத்தில் முன்பைவிட மோசமாக இருக்க வாய்ப்புண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை க்ராஷ் டயட் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இதற்கு மாற்று என்ன என்பதைக் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஆய்வு அழகாகக் காட்டுகிறது. எடை கூடிய இளைஞர்களுக்கு நான்கு வாரம் தேவையைவிட 40 சதவீதம் குறைவாகச் சாப்பாடு கொடுத்தார்கள். வாரத்தில் ஆறு நாள் கடும் பயிற்சி. எடை தூக்குவதும் அதில் உண்டு. ஒரு குழுவுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் புரதம், இன்னொரு குழுவுக்கு 2.4 கிராம். முதல் குழுவுக்குக் கொழுப்பு 3.5 கிலோ குறைந்தது, தசைப் பகுதி அப்படியே நின்றது. இரண்டாவது குழுவுக்குக் கொழுப்பு 4.8 கிலோ குறைந்து, தசைப் பகுதி 1.2 கிலோ கூடவும் செய்தது. பட்டினியிலும் தசை கூடியிருக்கிறது! ஆனால் அவர்கள் இளைஞர்கள், சாப்பாடும் பயிற்சியும் ஆய்வாளர்கள் கண்காணிப்பில் நடந்தன. ஐம்பது வயதில் ஆபீஸ் போய்வருபவர் அதே கணக்கை எதிர்பார்க்கக் கூடாது. கவனிக்க வேண்டியது, புரதம் குறைந்த குழுவிலும் தசை போகவில்லை என்பதுதான். எடை தூக்கும் வேலை கொடுத்ததும் உடல் தசையை விட்டுக்கொடுக்க மறுத்துவிட்டது.

நடந்தால் மட்டும் போதுமா

60 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் நன்றாக வீசி நடந்தால் சுமார் 120 கலோரி செலவாகும். நடந்து முடித்துவிட்டு இரண்டு உளுந்து வடை சாப்பிட்டால் அந்தக் கணக்கு நேராகிவிடும். ஒருநாள் விடாமல் மாதம் முழுக்க நடந்து, வடைப் பக்கமே போகாமல் இருந்தாலும் அரை கிலோ கொழுப்பு குறைவதே பெரிய விஷயம். "ஆறு மாசமா நடக்கிறேன், வெயிட்டே குறையல" என்று பார்க்கில் கேட்கும் புலம்பலுக்கு இதுதான் காரணம்.

ஆனால் அவர்கள் நடந்தது வீணில்லை. எடை மாறாமலேயே வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பும் கல்லீரல் கொழுப்பும் பயிற்சியால் குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது, ரத்த அழுத்தம் இறங்குகிறது. மெஷின் இதையெல்லாம் காட்டாது, டேப் ஓரளவு காட்டும். தொப்பையை மட்டும் குறைக்கிறேன் என்று நூறு தடவை வயிற்றுப் பயிற்சி செய்வது வேறு கதை. வயிற்றுத் தசை பலப்படும், அதன்மேல் இருக்கும் கொழுப்பு அந்த இடத்தில் மட்டும் கரையாது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, கூடவே குறைந்தது இரண்டு நாள் தசைக்குப் பலம் தரும் பயிற்சி என்கிறது. முதல் பாதி எல்லோர் காதிலும் விழுந்துவிட்டது. இரண்டாவது பாதி நம் ஊரில் யாருக்கும் தெரியவில்லை, அதிலும் பெண்களிடம் யாரும் சொல்வதே இல்லை. ஜிம்முக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, தோப்புக்கரணம், சுவரைத் தள்ளும் தண்டால், தண்ணீர் கேனைத் தூக்கி இறக்குவது என்று தொடங்கலாம். இன்னும் ஓரிரு தடவைக்கு மேல் முடியாது என்கிற நிலை வரும்வரை செய்ய வேண்டும், பழகப் பழகக் கனத்தைக் கூட்ட வேண்டும்.

சரி, தட்டில் புரதம் எவ்வளவு இருக்கிறது? உட்கார்ந்த வேலை செய்பவருக்குக் கூட உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அளவு. 60 கிலோவுக்கு 50 கிராம். தசைப் பயிற்சி செய்பவருக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை பயன் உண்டு, அதற்குமேல் போனால் பெரும்பாலானவர்களுக்குப் பெரிய லாபம் இல்லை. இப்போது ஒரு சாதாரண சைவச் சாப்பாட்டு நாளைக் கூட்டிப் பாருங்கள். காலையில் நான்கு இட்லி 8 கிராம், சாம்பார் 3 அல்லது 4. மதியம் மூன்று கரண்டி சோறு 8, குழம்பு, பொரியல், மோர் எல்லாம் சேர்த்து 10. இரண்டு காபி 6. இரவு மூன்று தோசை சட்னியோடு 9. மொத்தம் 45-ஐத் தொட்டாலே அதிகம். பசி இல்லாமல் வயிறு நிறைந்திருக்கும், புரதம் மட்டும் நிறைந்திருக்காது. கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கிண்ணம் சேர்த்தால் 10 கிராம். ஒரு கைப்பிடி வேர்க்கடலை 7. ஒரு முட்டை 6. நூறு கிராம் மீன் 20. அதற்கு ஈடாகச் சோற்றில் ஒரு கரண்டி குறைத்தால் கலோரியும் அதிகம் ஏறாது. பவுடர் டப்பா இதற்கெல்லாம் அப்புறம்தான்.

ஆக்சிஜன் செய்யும் கலாட்டா

இனி ஆன்டிஆக்ஸிடன்ட். கிரீன் டீ பாக்கெட்டில் இருந்து முகத்துக்குப் பூசும் க்ரீம் வரை எழுதியிருப்பதால் எல்லோருக்கும் தெரிந்த பெயர். உள்ளே என்ன நடக்கிறது என்பது மட்டும் அவ்வளவாகத் தெரியாது.

செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தி உணவிலிருந்து ஆற்றல் எடுக்கிறது. அந்த வேலையின்போது சில ஆக்சிஜன் மூலக்கூறுகள் ஒற்றை எலக்ட்ரானைப் பிடித்துக்கொண்டு சூப்பராக்சைடாக மாறிவிடுகின்றன. இப்படி ஜோடி இல்லாத எலக்ட்ரானோடு திரியும் மூலக்கூறைத்தான் ஃப்ரீ ராடிகல் என்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. எதிலிருந்தும் எலக்ட்ரானைப் பிடுங்கப் பார்க்கும். உடல் இதற்கு ஆயத்தமாகவே இருக்கிறது. எஸ்.ஓ.டி. என்ற என்சைம் சூப்பராக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக்கும். அதை கேட்டலேஸ், குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் என்ற வேறு இரண்டு என்சைம்கள் வெறும் தண்ணீராக்கிவிடும். 1969-இல் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் எஸ்.ஓ.டி.யின் இந்த வேலையைக் கண்டுபிடித்த பிறகுதான், உடல் தனக்குள்ளேயே இப்படி ஒரு காவல் வைத்திருப்பது புரிந்தது. வைட்டமின் சி, ஈ போன்றவை வெளியிலிருந்து வந்து துணை நிற்பவை. இப்படி ஃப்ரீ ராடிகலை அடக்குபவைதான் ஆன்டிஆக்ஸிடன்ட். ஃப்ரீ ராடிகல் கை ஓங்கி, இந்தக் காவல் தளர்ந்தால் அது ஆக்சிஜனேற்ற அழுத்தம். இரண்டுக்கும் இடையிலான சமநிலைதான் ஒருவரது ஆன்டிஆக்ஸிடன்ட் நிலை.

பயிற்சி செய்யும்போது ஆக்சிஜன் பயன்பாடு பல மடங்கு கூடுகிறது. அப்படியானால் ஃப்ரீ ராடிகலும் கூட வேண்டுமே? கூடத்தான் செய்கிறது. 1982-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளைச் சோர்ந்து விழும்வரை ஓடவிட்டு அளந்தார்கள். தசையிலும் கல்லீரலிலும் ஃப்ரீ ராடிகல் இரண்டு, மூன்று மடங்கு உயர்ந்திருந்தது. உடனே எல்லோருக்கும் ஒரு யோசனை வந்தது: பயிற்சி செய்கிறவர்கள் கூடவே வைட்டமின் மாத்திரையும் போட்டுக்கொண்டால் இந்தக் கெடுதலைத் தடுத்துவிடலாமே. கேட்க நியாயமாகத்தான் இருந்தது, மாத்திரைக் கம்பெனிகளுக்கும் பிடித்திருந்தது.

2009-இல் ஜெர்மனியில் மிகாயேல் ரிஸ்டோவ் குழு இதைச் சோதித்தது. ஆரோக்கியமான 39 இளைஞர்கள், நான்கு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் பயிற்சி. பாதிப் பேருக்கு தினமும் வைட்டமின் சி 1,000 மில்லிகிராம், வைட்டமின் ஈ 400 யூனிட். மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. வெற்று மாத்திரைக்காரர்களுக்கு இன்சுலின் முன்பைவிட நன்றாக வேலை செய்தது, எஸ்.ஓ.டி. போன்ற என்சைம்களைச் செய்யும் மரபணுக்கள் தசையில் கூடுதலாக இயங்கின. வைட்டமின் சாப்பிட்டவர்களுக்கு இந்த இரண்டு பலனுமே கிடைக்கவில்லை. அதே பயிற்சி, அதே வியர்வை. மாத்திரை அதன் பலனை அழித்துவிட்டது.

காரணம் யோசித்தால் எளிது. மண்வெட்டி பிடிக்கிறவர் கை உராய்ந்துதான் காய்ப்புக் காய்க்கிறது. உராய்வே படாமல் உறை போட்டுக்கொண்டால் கை மெத்தென்றே இருக்கும். பயிற்சியில் உண்டாகும் ஃப்ரீ ராடிகல் அந்த உராய்வு. அது எழுந்ததும் என்ஆர்எஃப்-2 என்ற புரதம் செல்லின் உட்கருவுக்குள் போய், காவல் என்சைம்களைக் கூடுதலாகச் செய்யும்படி மரபணுக்களைத் தூண்டுகிறது. புது மைட்டோகாண்ட்ரியா உருவாவதற்கும் இதே வகைத் தூண்டல் வேண்டும். அன்றைய ஓட்டம் தரும் அழுத்தம் சில மணி நேரத்தில், கடுமையாக இருந்தால் ஓரிரு நாளில் தணிந்துவிடும். அது தட்டி எழுப்பிய ஏற்பாடு வாரக்கணக்கில் வளரும். ஆகவே தொடர்ந்து பயிற்சி செய்கிறவர் ஓடினால் அவருக்கு ஏற்படும் சேதம், முதல்நாள் ஓடுகிறவருக்கு ஏற்படுவதைவிடக் குறைவு. இதே காரணத்தால்தான் வருஷம் முழுக்க உட்கார்ந்துவிட்டு ஒருநாள் மாரத்தானுக்குப் பெயர் கொடுப்பது நல்லதில்லை. காய்ப்பதற்கு முன்னால் கை கொப்புளித்துவிடும்.

எல்லா ஆய்வுகளும் ரிஸ்டோவ் கண்ட அளவுக்குக் கறாரான முடிவைத் தரவில்லை. நார்வேயில் 2014-இல் 11 வாரம் நடந்த ஒரு ஆய்வில், வைட்டமின் சாப்பிட்டவர்களின் தசையில் மைட்டோகாண்ட்ரியா வளர்ச்சிக்கான அடையாளங்கள் மங்கியிருந்தன, ஆனால் ஓடும் திறன் இரு குழுவுக்கும் ஒரே மாதிரி உயர்ந்தது. கெடுதல் எவ்வளவு என்பதில் விவாதம் இருக்கலாம். பலன் உண்டு என்று சொல்லும் தரப்புதான் பலவீனமாக இருக்கிறது. பயிற்சியை விட்டு வெளியே வந்தால் இதைவிடக் கடுமையான பாடம் இருக்கிறது. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த பெரிய சோதனையின் முடிவு 1994-இல் வந்தது. கேரட்டின் நிறத்துக்குக் காரணமான பீட்டா கரோட்டினை மாத்திரையாகச் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியது.

கொழுப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்

உடல் சேர்மானமும் ஆன்டிஆக்ஸிடன்டும் தனித்தனி விஷயங்கள் மாதிரி தோன்றும். வயிற்றுக் கொழுப்பு இரண்டையும் இணைக்கிறது. கொழுப்புச் செல்கள் அளவுக்கு மீறிப் பெருத்தால் அங்கே நோய் எதிர்ப்புச் செல்கள் வந்து குவிகின்றன, மெல்லிய அழற்சி எப்போதும் இருந்துகொண்டே இருக்கும், ஃப்ரீ ராடிகலும் ஓயாமல் உற்பத்தியாகும். அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஊர் மக்களைப் பல ஆண்டுகளாகப் பின்தொடரும் ஆய்வில் பி.எம்.ஐ. கூடக் கூட, ஆக்சிஜனேற்றச் சேதத்தைக் காட்டும் பொருள் சிறுநீரில் கூடுவதைப் பார்த்தார்கள். பயிற்சியில் எழுவது சில மணி நேரத்தில் அடங்கும் அலை. தொப்பையில் இருந்து வருவது இரவு பகலாக ஒழுகிக்கொண்டே இருக்கும், அது எதையும் பலப்படுத்துவதில்லை. தொப்பையைக் குறைத்தால் அந்த ஊற்றே வற்றுகிறது. கூடவே தசை கூடினால் சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை வாங்கிக்கொள்ள இடமும் கூடுகிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கும் பெர்ரி ஜூஸும் இந்த வேலையைச் செய்யாது.

அப்படியானால் காய்கறி, பழம் வேண்டாமா? வேண்டும். மாத்திரையும் உணவும் ஒன்றல்ல. ஆய்வில் கொடுத்த 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி, ஒரு ஆணுக்கு இந்திய அளவுப்படி தேவையான 80 மில்லிகிராமைவிடப் பன்னிரண்டு மடங்குக்கும் அதிகம். கொய்யா, நெல்லிக்காய், முருங்கைக்கீரை சாப்பிட்டுப் பயிற்சியின் பலன் கெட்டுப்போகும் என்று யாரும் பயப்பட வேண்டாம். மேலும், உடலின் காவல் என்சைம்களுக்குத் தாதுக்கள் தேவை. எஸ்.ஓ.டி.க்குத் துத்தநாகம், தாமிரம், மாங்கனீசு வேண்டும். குளூட்டாதயோன் பெராக்சிடேஸுக்கு செலினியம். குளூட்டாதயோன் என்பதே மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்தது, அதாவது புரதத்திலிருந்து வருவது. பருப்பு, கம்பு, கேழ்வரகு, எள், கடலை, முட்டை, மீன், கீரை என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுகிறவருக்கு இவை பெரும்பாலும் கிடைத்துவிடும். தசைக்காகச் சேர்த்த சுண்டலே இங்கேயும் உதவுகிறது.

எந்தப் பழத்தில் ஆன்டிஆக்ஸிடன்ட் அதிகம் என்ற பட்டியல்களை நான் பொருட்படுத்துவதில்லை. சோதனைக் குழாயில் அளந்த எண் அது, வயிற்றுக்குள் போனபின் என்ன ஆகிறது என்று சொல்லாது. அப்படிப்பட்ட ஒரு பெரிய பட்டியலை அமெரிக்க வேளாண் துறையே 2012-இல் தன் இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டது, கம்பெனிகள் அதைக் காட்டி வியாபாரம் செய்வதைக் காரணம் சொல்லி. அதைவிட, திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் பொரித்த பஜ்ஜியைக் குறைப்பது உருப்படியான வேலை. பொரித்துப் பொரித்துக் கெட்ட எண்ணெயில் சேரும் பொருட்களுக்கு 25 சதவீத வரம்பு வைத்து, அதைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த விதி 2018-இல் நடைமுறைக்கு வந்தது. தெருமுனைக் கடையில் யார் அளந்து பார்க்கிறார்கள்?

ரத்தத்தில் மொத்த ஆன்டிஆக்ஸிடன்ட் திறனை அளக்கும் டெஸ்ட் ஒன்றையும் சில இடங்களில் விற்கிறார்கள். அந்த எண்ணில் பெரும்பங்கு யூரிக் அமிலத்தால் வருவது. கவுட் என்ற மூட்டுவலிக்குக் காரணமான அதே யூரிக் அமிலம்தான். அது கூடினால் ரிப்போர்ட்டில் எண் நன்றாக இருக்கும், கால் பெருவிரல் நன்றாக இருக்காது. ஆராய்ச்சிக் கூடத்தில் பல அளவுகளோடு சேர்த்துப் பார்க்க அது உதவலாம். செக்-அப் பேக்கேஜில் அதற்காகக் கூடுதல் பணம் கட்டத் தேவையில்லை, அந்தப் பணத்துக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையையும் கொழுப்பு அளவுகளையும் பார்த்துக்கொள்ளலாம்.

இதைப் படித்துவிட்டு டாக்டர் எழுதிக் கொடுத்த இரும்புச்சத்து, பி12, டி மாத்திரைகளை யாரும் நிறுத்திவிடக் கூடாது. அவை குறைபாட்டை ஈடுகட்டக் கொடுப்பவை, மேலே பேசியது குறைபாடு இல்லாதவர்கள் தாமாக வாங்கி விழுங்கும் பெரிய டோஸ். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் புரதத்தைக் கூட்டும் முன் கட்டாயம் கேட்டுக்கொள்ள வேண்டும். இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் புதிதாகப் பயிற்சி தொடங்கினால் மருந்தின் அளவை மாற்ற வேண்டி வரலாம், முதல் சில வாரம் பயிற்சிக்குப் போகும்போது பையில் கொஞ்சம் சர்க்கரையோ மிட்டாயோ இருக்கட்டும்.